படம் எப்படிப் புடவை ஆகிறது? காஞ்சிபுரத்துக் கட்டத்தாளைப் பற்றிச் சில குறிப்புகள்

தண்டலம் பக்கம் டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே பஸ் பிடித்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் காஞ்சிபுரம். "ஏதாவது ஒரு கைத்தொழிலோடு சேர்ந்து ப்ராஜெக்ட் பண்ணு" என்று காலேஜில் சொன்னால் முதலில் ஞாபகம் வருவது அந்த ஊர்தான். ஸ்கெட்ச் புக்கில் ஒரு மயிலோ, ஏரிக்கரைப் பனைமரமோ, பாட்டியின் முகமோ வரைந்து எடுத்துக்கொண்டு போய், "இதை அப்படியே முந்தியில நெய்து தருவீங்களா?" என்று கேட்பார்கள்.

அந்த "அப்படியே" என்ற சொல்லைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். காகிதத்தில் இருக்கும் படம் தறியில் ஏறும்போது என்ன ஆகிறது, அதை ஆக்குவது யார் என்பதுதான் கேள்வி. இது தெரியாமலே செய்து முடித்த ப்ராஜெக்டுகளில் கடைசிப் பக்கத்தில் "டிசைன்: இன்னார், நெசவு: உள்ளூர்க் கைவினைஞர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத் தறியிலிருந்தே ஆரம்பிக்கணும்.

துணி என்பது இரண்டு நூல்கள்தான். நீளவாக்கில் தறியில் கட்டியிருப்பது பாவு. நாடா குறுக்கே கொண்டுபோவது ஊடை. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும்: பாவு நூல் மேலேயா, கீழேயா? தூரிகை மாதிரி "கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தளர்த்தி" என்பதெல்லாம் தறிக்குத் தெரியாது. ஆமாம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

உருவம் நெய்ய, ஒவ்வொரு வரிக்கும் எந்தெந்தப் பாவு நூல் தூக்கப்பட வேண்டும் என்று யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் முன்பு அந்த நினைவு நூலிலேயே இருந்தது. 'அடை' என்று அதற்குப் பெயர். டிசைனின் ஒவ்வொரு வரியையும் தனித்தனி நூல் முடிச்சுகளாகத் தறிக்கு மேலே கட்டி வைத்து, ஒவ்வொன்றாக இழுத்து நெய்வது. பிறகு ஜக்கார்டு வந்தது. பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறி அது. அதில் நினைவு அட்டைகளுக்கு மாறியது. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லையென்றால் தூக்காது. உருவத்தின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. உருவம் 300 வரி உயரம் என்றால் 300 அட்டை குத்தி, வரிசையாகக் கோத்து, சங்கிலி மாதிரி தறிமேல் தொங்கவிட வேண்டும். (கம்ப்யூட்டரின் தாத்தா ஜக்கார்டு என்று சொல்வது இந்த ஓட்டைகளை வைத்துத்தான். காஞ்சிபுரத்துத் தெருக்களில் தாத்தா இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.)

அட்டை குத்துபவருக்குப் படம் தேவையில்லை, கட்டத்தாள்தான் தேவை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக மாற்றி, எது நிரம்பும், எது நிரம்பாது என்று குறித்த தாள். 'கிராஃப் போடுவது' என்பார்கள். மாணவியின் படத்துக்கும் நெசவாளரின் தறிக்கும் நடுவே இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். உண்மையான டிசைன் வேலையில் பாதி இங்கேதான் நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேச்சுக்கு, ஓர் அங்குலத்தில் 100 பாவு நூல், 80 ஊடை நூல் இருக்கிற துணி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு வட்டம் வரைகிறீர்கள். சாதாரணக் கட்டத்தாளில் 50 கட்டம் அகலம், 50 கட்டம் உயரம் வருகிறது. நெய்தால் அகலம் அரை அங்குலம். உயரமோ அரைக்கால் அங்குலம் கூட வரும். வட்டம் முட்டையாகி நிற்கும். நிஜ வட்டம் வேண்டுமென்றால் உயரத்தை 40 கட்டமாகக் குறைத்து, தாளில் வேண்டுமென்றே சப்பையாக வரையணும். மயிலின் கழுத்து, பாட்டியின் கன்னம், யானையின் முதுகு எல்லாவற்றுக்கும் இதே கதை. கிராஃப் போடுபவர் கோணலாக வரைந்திருப்பதாகத் தாளில் தெரிவது தறியில் நேராக வரும்.

அடுத்தது கோடு. பேனா நுனியில் வரும் மெல்லிய சாய்கோட்டைத் தறியில் ஏற்றினால் படிக்கட்டாகத்தான் வரும். ஒரே ஒரு கட்ட அகலத்தில் விட்டால் தூரத்தில் கண்ணுக்கே தெரியாது. ஓவியர் ஆதிமூலம் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். அங்கே கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போய், அந்த அறுபடலிலேயே ஒரு முகம் உருவாகும். அதில் எந்த அறுபடல் பொருள் உள்ளது, எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்காமல் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது. முடிவெடுக்கிறவர் படத்தை மறுபடி வரைகிறார் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, நிரப்பல். பெரிய கறுப்புத் திட்டு ஒன்றைத் தாளில் மையால் ஒரே இழுப்பில் நிரப்பிவிடலாம். ஜரிகையில் அப்படி நிரப்பினால் ஜரிகை நூல் பல பாவு நூல்களைத் தாண்டி அந்தரத்தில் கிடக்கும். வளையல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும்; மெட்டி பட்டாலும் அதே கதிதான். அதனால் நடுநடுவே பாவு நூல் மேலே வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்படி புள்ளிகள் வைக்கணும். பழைய முந்திகளில் மயிலின் உடம்புக்குள் செதில், யானையின் உடம்புக்குள் பூ, கட்டம் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம்தான், ஆனால் நூலைக் கட்டிப்போடும் வேலையையும் அதுவே செய்கிறது.

எதிரெதிரே முகம் பார்த்து நிற்கும் பறவைகளிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. 240 கொக்கி உள்ள ஜக்கார்டில் கொக்கிக்கு ஒரு நூல் வீதம் கட்டினால் 240 நூல் அகலத்துக்குத்தான் உருவம் வரும். ஒவ்வொரு கொக்கியிலும் இரண்டு நூல்களைக் கண்ணாடி பிம்பம் மாதிரி கட்டினால் அதே பெட்டியில் 480 நூல் அகலம் கிடைக்கும். ஆனால் வலப்பாதி இடப்பாதியின் நகலாகத்தான் இருக்கும். இரட்டை மயில், இரட்டை அன்னம் எல்லாம் இந்தச் சிக்கனத்தோடு நன்றாக ஒத்துப்போகின்றன. ஒற்றைப் பனைமரம், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தது, ஒத்துப்போகாது.

இதெல்லாம் உடலுக்கும் முந்திக்கும் வரும் சிக்கல். கோர்வைக்கு வந்தால் இன்னொரு எல்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று என மொத்தம் மூன்று நாடா. ஒவ்வொரு வரியிலும் உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கிபோல் பிணைத்து விடணும். இதற்குத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். "கரையிலிருந்து கிளம்பி உடல் முழுக்கப் படரும் கொடி" என்று தாளில் சுலபமாக வரைந்துவிடலாம். தறியில் அது இரண்டு தனித்தனி நெசவுகளின் நடுவே இருக்கும் வேலியைத் தாண்டணும். வேலியை மறைத்து அழகாக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: கோபுரம் மாதிரி முக்கோணப் பற்களாக உடலுக்குள் ஏறும் கரை. புதிதாக வரைய வருபவர்கள் அதை "பழைய டிசைன்" என்று ஒதுக்குவதற்கு முன், அந்தப் பல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று துணியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

கலைஞர்கள் தறிக்குப் போவது நம் நாட்டில் புது விஷயமில்லை. 1950களில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் கீழ் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. புபுல் ஜெயகர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். ஓவியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நெசவாளர்களோடு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்ததுதான் அந்த மையங்களின் சிறப்பு. கே.ஜி. சுப்ரமணியன் பம்பாயில் 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தில் டிசைன் பொறுப்பில் இருந்தார். ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி டிசைனராக வேலை பார்த்தார். காஞ்சிபுரத்திலும் ஒரு நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. ஒரு செமஸ்டர் விசிட்டுக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே ஓவியர் தப்பாக வரைந்தால் சாயம் போடுபவரும் நெய்பவரும் மறுநாள் காலையில் அவர் மேஜைக்கே வந்து சொல்லலாம். மாதிரி நெய்து பார்க்கும் செலவும் அரசாங்கத்துடையது.

அந்தச் செலவுதான் அடுத்த விஷயம். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் பெரும்பாலும் இதற்கு இடமே இருக்காது. ஒரு பாவு போட்டால் வழக்கமாக மூன்று சேலை நெய்யலாம். நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில்தான். தறி நின்றால் கூலியும் நிற்கும். "ஒரு மீட்டர் மட்டும் மாதிரிக்கு நெய்து தாங்க" என்று கேட்பது சின்னக் கோரிக்கை மாதிரி தெரியும். ஆனால் புது நிறத்தில் பாவு வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கணும். புது உருவம் என்றால் கிராஃப், அட்டை, கட்டுமானம். ஒரு மீட்டருக்கும் மூன்று சேலைக்கும் இந்த ஆயத்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மாணவி கொடுக்கும் தொகை அந்த ஒரு மீட்டருக்கு மட்டும் என்றால், மீதியை நெசவாளர் குடும்பம் கையிலிருந்து போட்டிருக்கிறது.

குறைந்த செலவில் செய்ய வழி இல்லாமல் இல்லை. தறியில் ஏற்கெனவே ஓடும் பாவின் நிறத்தையே ஏற்றுக்கொண்டு ஊடையை மட்டும் மாற்றலாம். பாவு முடியும் இடத்தில் மிஞ்சும் கொஞ்ச நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொக்கி எண்ணிக்கையை முதலில் கேட்டுவிட்டு, அதற்குள் அடங்கும் சிறிய புட்டாவாக வரையலாம். படத்தை வரைந்துவிட்டுத் தறியைத் தேடுவதற்குப் பதிலாகத் தறியைப் பார்த்துவிட்டு வரைவது.

இனி உரிமை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றுகிறது. உங்கள் பனைமரத்தை அல்ல. படம் படமாக இருக்கும்வரை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாக்கும். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, அதை ஏற்றிய பொருள் உரிமையாளராலோ அவர் அனுமதியாலோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தியாகிவிட்டால், அந்த டிசைன் மேல் பதிப்புரிமை முடிந்துவிடும். பதிவு செய்வது டிசைன்கள் சட்டம், 2000இன் கீழ். பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் பதியும் முன் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பதியப் போனால் "புதிது இல்லை" என்று தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது வேறு. இந்தச் சட்டங்களில் எதைப் பயன்படுத்தினாலும் தன் பெயரை எழுதிக்கொள்ளத் தெரிந்தவர் மாணவிதான். வட்டத்தை முட்டையாகாமல் காப்பாற்றியவர், கறுப்புத் திட்டுக்குள் புள்ளி வைத்தவர், கரையோரத்தில் கொடியை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் எல்லோரும் "உள்ளூர்க் கைவினைஞர்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள்.

இதற்குத் தீர்வு தண்டலத்தைச் சுற்றியே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைக்குள் போய் ஒரு பாகத்தின் வரைபடத்தைக் கேட்டாலும், தாளின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி, எத்தனையாவது திருத்தம் என்று தனித்தனிக் கட்டம். ஒரு போல்ட்டுக்குக்கூட இந்த மரியாதை உண்டு. திருத்தம் செய்தவர் பெயர் இல்லாமல் தாள் கடைத்தளத்துக்கே போகாது.

அந்தப் பெட்டியைக் கட்டத்தாளின் மூலையில் வரைய ஐந்து நிமிடம் போதும். மூலப் படம், கிராஃப், அட்டை, நெசவு, கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என ஐந்து வரி. பக்கத்தில் திருத்தங்களுக்கு ஒரு பட்டியல்: "கழுத்து 6 கட்டம் குறைத்தது", "வயிற்றில் கட்டுப்புள்ளி சேர்த்தது", யார் சொல்லி, எந்தத் தேதியில். பெயர் போட வேண்டுமா வேண்டாமா, எப்படிப் போட வேண்டும் என்று அவரவரிடமே கேட்டுக்கொள்ளணும். சிலருக்கு முதலாளிக்குத் தெரியாமல் மாதிரி நெய்து கொடுத்த சங்கடம் இருக்கலாம். தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தறி இருக்கும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரணும். அடுத்த வருஷம் வேறொரு மாணவி வேறொரு பனைமரத்தோடு வரும்போது, அவர்கள் அதை எடுத்துக் காட்டி அங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பார்கள்.