சோடா பீப்பாயில் பீர்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்கு, குளிர்பானக் கம்பெனிகள் கழித்துக்கட்டிய பாத்திரம் வரப்பிரசாதம். ஆனால் அவசரக்காரர்களுக்கு அதிலும் குறுக்குவழி இல்லை.

சுமார் இரண்டடி உயரம். துருப்பிடிக்காத எஃகு. கொள்ளளவு 19 லிட்டர். ஒரு காலத்தில் பெப்சி, கோக் பாகு நிரம்பி ஓட்டல்களுக்குப் போய்வந்த இந்தப் பீப்பாய்க்கு, அதைத் தயாரித்த கார்னீலியஸ் நிறுவனத்தின் பெயரே நிலைத்துவிட்டது: 'கார்னி கெக்'. பின்னர் கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்ற ஏற்பாட்டுக்கு மாறின. பழைய பீப்பாய்கள் மலிவு விலைக்கு வந்தன. வீட்டு பீர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் தேங்கிய வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். சோடாவுக்கு அதுதான் தொடக்கம். பீர் தொட்டியில் பிறந்த சோடா, இரண்டு நூற்றாண்டுகள் கழித்துத் தன் பாத்திரத்தையே பீருக்குக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும், வீட்டில் ஒயின் தயாரிக்கக் கிடைத்த அனுமதி பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழிவிட்டது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் (சுமார் 757 லிட்டர்) வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன.

நொதித்து முடிந்த பீரில் வாயு பெரும்பாலும் வெளியேறியிருக்கும், குடித்தால் சப்பென்றிருக்கும். பழைய வழி, பாட்டிலில் சிறிது சர்க்கரை சேர்த்து மூடுவது. மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். போக வழியில்லாத வாயு பீரிலேயே கரையும். அளவு தப்பினால் பாட்டில் வெடிக்கும். தவிர, 19 லிட்டருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்களைக் கழுவியாக வேண்டும்.

பீப்பாய் என்றால் கழுவ ஒன்றே ஒன்று. அதிலும் சர்க்கரை சேர்த்து, அறை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் விடலாம். பலர் விரும்புவது சிலிண்டர். நம்மூர் சோடாக் கம்பெனியில் நடக்கும் அதே வேலைதான். குளிர்ந்த திரவத்தில் வாயு எளிதில் கரையும் என்பதால் பீப்பாயை முதலில் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். 4 டிகிரி செல்சியஸில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் போதும். ஒரு வாரம், பத்து நாளில் ஒரு லிட்டர் பீரில் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதே நுரையை 20 டிகிரியில் பெற இருமடங்குக்கும் மேல் அழுத்தம் தேவை. பொறுமையில்லாதவர்கள் அழுத்தத்தைக் கூட்டி, பீப்பாயை உருட்டிக் குலுக்கிச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பலமுறை கிடைப்பது டம்ளர் நிறைய வெறும் நுரை.

ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 800 பவுண்டு. ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது தற்கொலைக்குச் சமம். மூடிய அறையில் வாயு கசிந்தால் மூச்சு முட்டும்.

வெளியிலிருந்து வாயு புகுத்துவதையே எதிர்த்துப் பிரிட்டனில் 1971இல் 'காம்ரா' இயக்கம் கிளம்பியது. ஈஸ்ட் உயிரோடு இருந்து, பரிமாறும் பீப்பாயிலேயே பக்குவப்படுத்துவதுதான் அசல் ஏல் என்பது அதன் கொள்கை. நுரையைப் பொறுத்தவரை இது வெறும் பிடிவாதமாகத் தோன்றலாம். ஈஸ்ட் தந்தாலும் சிலிண்டர் தந்தாலும் கரியமில வாயு ஒன்றுதான். ஆனால் ஈஸ்ட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இளம் பீரில் வீசும் வெண்ணெய் வாடையையும் பச்சை ஆப்பிள் வாடையையும் தின்று தீர்ப்பதும் அதுதான். அந்த வேலை முடியுமுன் குளிரில் வைத்து வாயு ஏற்றினால் நுரை பொங்கும், வாடை போகாது.

வாயு சிலிண்டரில் விலைக்குக் கிடைக்கிறது. பக்குவத்துக்கு இன்னமும் நாள்தான் எண்ண வேண்டியிருக்கிறது.