நெடுவழிப் பயணமும் நடுவழித் தங்கலும்

புரட்டாசி மாதத்தில் திருமலைப் பிரம்மோற்சவத்தை முன்னிட்டுச் சென்னையிலிருந்து திருக்குடைகள் புறப்படுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் அந்த வெண்குடைகள் ஒரே மூச்சில் திருப்பதிக்கு ஓடிவிடுவதில்லை. அயனாவரம், வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர் என்று தங்கித் தங்கிச் சென்று, திருச்சானூரில் தாயாரை வணங்கிய பிறகே மலையேறுகின்றன. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 135 கிலோமீட்டர்தான். அதற்கு நம் முன்னோர் ஏன் இத்தனை தங்கல்கள் வைத்தனர் என்று கேட்டால், பக்தி ஒரு காரணம். கால் மற்றொரு காரணம். நடந்து வந்த கால் இளைப்பாற வேண்டும். உண்ட சோறு செரிக்க வேண்டும். மறுநாள் ஏறவேண்டிய மலைக்கு உடம்பு ஆயத்தமாக வேண்டும். இதற்குச் சிரமபரிகாரம் என்று அழகிய பெயரும் இட்டார்கள்.

இன்று சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து மகன் வருகிறான். பதினேழு மணி நேரம், இருபது மணி நேரம் விமானத்தில் அமர்ந்து, நள்ளிரவில் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்குகிறான். விடுமுறையோ பத்து நாட்கள். ஆகவே விமான நிலையத்திலிருந்தே காரில் ஏறி, வழியில் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் அலிபிரியில் நிற்கிறான். 3,550 படிகள் ஏறி, முன்பதிவு செய்த நேரத்திற்குத் தரிசன வரிசையில் சேர்ந்தாக வேண்டும். அன்று இரவே மற்றோர் ஊருக்குப் புறப்பாடு. வேறு சில குடும்பங்களில், பிள்ளைகள் ஒரு பக்கமிருந்தும் பெற்றோர் மற்றொரு பக்கமிருந்தும் சிங்கப்பூரில் கூடி, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏறுகிறார்கள். மலையானாலும் கப்பலானாலும் சிக்கல் ஒன்றே. நெடிய விமானப் பயணத்தின் முடிவில், குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய ஒரு காரியம் காத்திருக்கிறது. தரிசனச் சீட்டில் நேரம் அச்சாகியிருக்கிறது. கப்பலோ ஒருவருக்காகவும் துறையில் நிற்பதில்லை. இத்தகைய பயணத்தை நடுவில் நிறுத்தித் தங்குவது நலமா, எங்கே தங்குவது, எத்தனை இரவு தங்குவது என்பதைச் சற்று ஆராய்வோம்.

விமானங்கள் தொடக்கத்தில் தங்கியே சென்றன. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா பம்பாய்க்கு ஓட்டிவந்த முதல் தபால் விமானத்தை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் பெல்லாரியில் இரவு தங்கினார். 1947 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய விமானப் போக்குவரத்து நான்கு நாள் பயணம். பிரயாணிகள் சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் விடுதியில் உறங்கிவிட்டு மேலே சென்றார்கள். அன்றைய விமானத்திற்கு நிற்காமல் பறக்கும் ஆற்றல் இல்லை. அந்தக் குறையே மனிதருக்கு நிறைவாக இருந்தது. பின்னர் இயந்திரங்கள் வலுப்பெற்றன. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு எங்கும் இறங்காத விமானத்தைத் தொடங்கியபோது, முதற்பயணத்தில் பெண் விமானிகளே வட துருவத்தின் வழியாக அதனை ஓட்டிவந்தார்கள். ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். பதினேழு மணி நேரம். விமானம் அவ்வளவு வளர்ந்துவிட்டது. அதில் அமர்ந்திருக்கும் உடம்பு மட்டும் திருக்குடை சுமந்தவரின் உடம்பாகவே இருக்கிறது.

அந்த உடம்பிற்கு நேர்வன இரண்டு. ஒன்று காலைப் பற்றியது; மற்றொன்று காலத்தைப் பற்றியது.

முதலில் காலை எடுத்துக்கொள்வோம். காலிலிருந்து இரத்தம் மேல்நோக்கி இதயத்திற்குத் திரும்ப வேண்டுமானால், கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து அதனை மேலே தள்ள வேண்டும். நடக்கும்போது இது தானே நடைபெறுகிறது. மடக்கிய முழங்காலோடு மணிக்கணக்கில் அசையாதிருந்தால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. கணுக்கால் வீங்குகிறது, செருப்பு இறுகுகிறது. சிலருக்கு மட்டும், ஆழ்ந்த இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. இருமடங்கு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு பெருகிய பிறகும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே இது நேர்கிறது. எனினும் முதியோர், பருமனானவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கருவுற்ற பெண்கள், முன்பே இந்நோய் கண்டவர் ஆகியோருக்கு இது கூடுதல். விமானம் மட்டுமன்று, கார், பஸ், ரயில் ஆகியவற்றிலும் நெடுநேரம் அசையாதிருந்தால் இதே நிலைதான் என்றும் அவ்வாய்வு கண்டது. ஆகவே பதினேழு மணி நேர விமானத்தின்மேல் மூன்று மணி நேரக் காரை ஏற்றுவது, காலின் கணக்கில் இருபது மணி நேரம்.

இங்கே நம் வட்டாரத்திற்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. அதனை எந்த விமான நிறுவனத்தின் குறிப்பேட்டிலும் காண முடியாது. இரத்தக் கட்டி பயணத்தன்றே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. சில நாட்கள் கழித்தும், சில வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். அதற்குள் மலைப்படி ஏறியாகிவிட்டது. கெண்டைக்கால் வலித்தால், ‘படியேறியதால் வந்த வலி, எண்ணெய் தேய்த்தால் போகும்’ என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். படியேறிய வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும். இரண்டு மூன்று நாட்களில் தணியும். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் சூடும் கண்டால் அதைத் தேய்க்கலாகாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ சேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. அண்மையில் நெடும்பயணம் செய்து வந்தவர் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அதை அவர் தாமாக ஊகிக்க வழியில்லை.

விமானத்தினுள் காற்றழுத்தமும் குறைவு. கடல்மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதைப் போன்ற அழுத்தமே அங்கே வைக்கப்படுகிறது. அதாவது பிரயாணி அத்தனை மணி நேரமும் உதகமண்டலத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகிறான். ஆனால் உதகையின் ஈரக்காற்று இல்லை. மிக வறண்ட காற்று. தண்ணீர் பருகுவதும், மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், இருந்த இடத்திலேயே பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும் இதனாற்றான் வற்புறுத்தப்படுகின்றன.

இனிக் காலத்தைப் பார்ப்போம். 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான் என்பவர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலையே காணாதபோதும் அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. உயிருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அது முதற் சான்று. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து ஒளிச் செய்தி வந்து சேரும் இடத்தில் அமைந்திருக்கிறது. அதன் ஒரு நாள் 24 மணிக்குச் சற்றுக் கூடுதல். ஆகையால் நாளை நீட்டுவது அதற்கு எளிது, சுருக்குவது கடினம். மேற்கே செல்பவன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி வீதமும், கிழக்கே செல்பவன் ஒரு மணி வீதமும் புதிய ஊரின் நேரத்திற்குப் பழகுகிறான் என்பது பொதுக் கணக்கு.

இந்தக் கணக்கை நம் பிரயாணியின்மீது போட்டுப் பார்ப்போம். குளிர்காலத்தில் சான் பிரான்ஸிஸ்கோ நம்மைவிடப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கிறது. வந்திறங்கியவன் காலை 5 மணிக்கு அலிபிரியில் நிற்கும்போது அவன் உடம்பிற்கு முந்திய நாள் மாலை மூன்றரை மணி, ஏறிவிடுவான். ஆனால் தரிசன நேரம் பிற்பகல் 3 மணி என்று அமைந்தால், அப்போது அவன் உடம்பில் நள்ளிரவு ஒன்றரை. மாலை ஆறு மணிக்கு மலையிலிருந்து இறங்கும்போது அவனுக்குள் அதிகாலை நான்கரை. உறக்கம் மிக ஆழ்ந்திருக்க வேண்டிய வேளை. அந்த வேளையில் அவனே காரின் சக்கரத்தைப் பிடித்துச் சித்தூருக்கு ஓட்டிச் செல்கிறான். பின்னிருக்கையில் வயது முதிர்ந்த தாய் தந்தையர். இரத்தக் கட்டியைவிட நாம் அஞ்சுவது இதைத்தான். ஊர் திரும்பிய முதல் இரண்டு மூன்று நாட்களில் மாலையிலும் இரவிலும் அவன் காரை ஓட்டலாகாது. வாடகைக் கார் அமர்த்தினாலும், நள்ளிரவு முதல் விமான நிலையத்தில் விழித்துக் காத்திருந்த ஓட்டுநரும் மனிதரே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நடுவழித் தங்கல் இதற்கு மருந்தாகுமா? ஓரளவு ஆகும், எல்லாத் தங்கலும் ஆகாது. விமான நிலைய நாற்காலியில் ஏழு மணி நேரம் சாய்ந்து கிடப்பது தங்கலன்று, பயணத்தின் நீட்டிப்பே. ஓர் இரவு கட்டிலில் கால் நீட்டி உறங்கினால் வீக்கம் வடியும்; களைப்புத் தீரும். ஆனால் ஓர் இரவில் உள்ளிருக்கும் கடிகாரம் ஒன்றரை மணிக்குமேல் நகராது. கடிகாரம் நகர வேண்டுமானால் இரண்டு மூன்று இரவுகளாவது வேண்டும். ஊரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து வருபவர் பசிபிக் கடலைத் தாண்டி மேற்கு நோக்கி வந்து, டோக்கியோவிலோ சிங்கப்பூரிலோ தங்குவது நன்று. நாளை நீட்டும் எளிய திசை அது. சிங்கப்பூரிலிருந்து நம் ஊருக்கு மீதம் இரண்டரை மணி வேறுபாடே. நியூயார்க் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி வருபவருக்கு லண்டன் ஏறக்குறையப் பாதி வழி. துபாய் நம் நேரத்திற்கு ஒன்றரை மணியே பின்தங்கியது. அங்கே சில நாட்கள் இருந்தால் நம் நேரத்தையே பழகிக்கொண்டதற்குச் சமம்.

ஓர் இரவுக்குத்தான் பணமும் விடுமுறையும் இடம் தருகின்றன என்றால்? நம் கருத்து இது: அந்த ஓர் இரவை நடுவழியில் செலவிடாமல் முடிவில் வையுங்கள். கப்பலேறுகிறவர் முந்திய நாளே துறைமுகப் பட்டினத்தை அடைந்துவிட வேண்டும். விமானம் எட்டு மணி தாமதித்தாலும் கப்பல் கைவிட்டுப் போகாது. மலைக்குப் போகிறவர் அடிவாரத்தில் தங்க வேண்டும். பயணச்சீட்டில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இடையில் 24 மணி நேரத்திற்குமேல் தங்கினால் பல நிறுவனங்கள் அதனைத் தனித் தங்கலாகக் கணக்கிட்டுக் கட்டணம் கூட்டுகின்றன. அதைத் தவிர்க்க இரு வேறு சீட்டுகளை வாங்கிக்கொண்டு, முதல் விமானம் தாமதித்ததால் இரண்டாவதை இழந்து, அந்நிய நகரில் பெட்டியோடு நின்றவர்களை நாம் அறிவோம். தங்கும் நாட்டின் விசாவை முன்னரே விசாரிக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர், நேரம் மாறும்போது எந்த வேளை மருந்தை எப்போது உண்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது உண்டு.

கப்பலின் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’வில் சென்ற நம் மக்களுக்கு இந்தக் காலக் குழப்பமே தெரியாது. ஒரு வாரப் பயணத்தில் கடிகாரம் சிறிது சிறிதாக நகர்ந்தது. உடம்பும் கூடவே நகர்ந்தது. கடல் மயக்கம் அவர்களுக்குத் தெரியும், அது வேறு கதை.

அடிவாரத் தங்கலுக்கு நம்மிடம் குறைவில்லை. 1944இல் மலைக்கு மோட்டார்ப் பாதை திறக்கப்படும் முன், நடையன்றி டோலியே கதி என்றிருந்த நாளில், கீழ்த்திருப்பதியில் தங்காமல் மேலே சென்றவர் யார்? இன்றும் திருப்பதி ரயில் நிலையத்தருகே தேவஸ்தானத்தின் விடுதிகள் இருக்கின்றன. பெங்களூர் வழியாக வருபவருக்குச் சித்தூரே இயல்பான தங்கல். அங்கிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர் அளவே. முதல் நாள் காணிப்பாக்கம் பிள்ளையாரைத் தரிசித்து, மாலை வெளிச்சத்தில் சற்று நடந்து, பகலில் அரைமணிக்குமேல் கண்ணயராமல் இருந்து, இரவு ஊரார் உறங்கும் நேரத்தில் படுக்கலாம். இரண்டாம் நாள் திருச்சானூர், கோவிந்தராஜர் கோயில், கபில தீர்த்தம். எல்லாம் சமதரையிலோ அடிவாரத்திலோ உள்ளவை. காலுக்கும் மெல்லிய பயிற்சி. மூன்றாம் நாள் விடியலில், வெயில் ஏறுமுன், பெற்றோரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு மலைப்படியில் கால் வைக்கலாம். தரிசனச் சீட்டை மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யும் மகன், அந்தத் தேதியை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் பதிவு செய்தால் போதும்.