மலைப்பாதைச் சைக்கிளுக்கு ஏற்ற ஹேண்டில்பார்

சைக்கிள் வாங்கச் செல்பவர்கள் சக்கரத்தைப் பார்ப்பார்கள், கியரைப் பார்ப்பார்கள், நிறத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஹேண்டில்பாரை அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. தார்ச்சாலையில் ஓட்டுவோருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த பாதையில் இறங்குவோருக்கோ, முன்சக்கரம் தம் வசத்தில் இருக்குமா என்பதே பெரும்பாலும் இந்த ஒரு குழாயைப் பொறுத்தது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்றோர் ஊர் உண்டு. 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனருகே ஒரு மலைச்சரிவில் சில இளைஞர்கள் சைக்கிள் பந்தயம் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்தவை 1930, 1940-களில் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடியும் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது! சாதாரணக் கைப்பிடி அங்கே போதவில்லை. மோட்டார் சைக்கிளுக்குரிய அகன்ற ஹேண்டில்பாரைச் சிலர் மாட்டிக்கொண்டார்கள். பின்னர் 1990-களில் மலைச் சைக்கிளின் ஹேண்டில்பார் குறுகி 56 சென்டிமீட்டர் வரை வந்தது. இன்று மீண்டும் விரிந்து, 74 முதல் 80 சென்டிமீட்டர் வரை விற்கப்படுகிறது.

அகலத்தால் என்ன பயன்? நமது இயற்பியல் பாடத்தில் வரும் திருப்புத்திறன்தான் விடை. விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி, 24 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திரும்ப முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர் என்றால், நடுவிலிருந்து கை 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதை ஒரே கையால் தடுக்க 80 நியூட்டன் விசை வேண்டும். 76 சென்டிமீட்டர் ஹேண்டில்பாரில் ஏறக்குறைய 63 நியூட்டனே போதும். வலிமை குறைந்த கைகளுக்கு இது சிறிய உதவியன்று.

அப்படியானால் மிக அகலமானதையே வாங்கிவிடலாமா? கூடாது. குறுகிய தோள் உடையவர்கள் 80 சென்டிமீட்டரைப் பிடித்தால் முழங்கை நீண்டு விறைத்துவிடும். மடங்கிய முழங்கைதான் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங். அது விறைத்தால் அடி நேரே தோளுக்குப் போகும். நெருங்கிய மரங்களுக்கிடையே நுழைவதும் கடினம். தரையில் 'புஷ் அப்' எடுப்பதுபோல் கைகளை ஊன்றிப் பாருங்கள். எந்த இடைவெளியில் உடலை எளிதாகத் தூக்க முடிகிறதோ, இரு கைகளின் வெளி ஓரங்களுக்கு நடுவேயுள்ள அந்த அளவிலிருந்து தொடங்கலாம். அண்ணனின் அளவு தங்கைக்குப் பொருந்தாது.

நாம் பள்ளிக்கு ஓட்டிவரும் லேடீஸ் சைக்கிளில் பிடிகள் வெகுவாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். நிமிர்ந்து உட்கார அது சுகம். ஆனால் உடல் எடை பின்னே போய்விடுவதால், மலைப்பாதையில் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும். மலைச் சைக்கிளில் 5 முதல் 9 டிகிரி வளைவே வழக்கம். மணிக்கட்டு வலித்தால் சற்றுக் கூடுதல் வளைவு நல்லது. நடுவிலிருந்து பிடிகள் மேலே உயர்ந்த வகை இறக்கத்தில் தைரியம் தரும். தட்டையான வகை ஏற்றத்துக்கு ஏற்றது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுப்பகுதியின் விட்டம் 31.8 அல்லது 35 மில்லிமீட்டர் இருக்கும். அதைக் கவ்வும் பகுதியும் அதே அளவாக இருக்க வேண்டும். கார்பன் இலேசானது, அதிர்வையும் குறைக்கும். ஆனால் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விட்டு, ஓட்டும்போது திடீரென ஒடியக்கூடும். விலையும் அதிகம். என்னைக் கேட்டால் முதன்முதலில் வாங்குவோருக்கு அலுமினியமே போதும். ஆனால் கீழே விழுந்து அது வளைந்தால், பழைய இரும்புக் குழாயைப்போலத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

அளவில் சந்தேகம் இருந்தால் சற்று அகலமானதையே வாங்குங்கள். அறுத்துக் குறைக்கலாம், ஒட்டி நீட்ட முடியாது. அறுக்குமுன் பிடிகளையும் பிரேக்கையும் உள்ளே தள்ளி வைத்துச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, பிறகு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டராகக் குறைக்கலாம். அறுத்த முனையை அரத்தால் தேய்த்து, மூடியால் அடைத்துவிடுங்கள். திறந்த குழாய்முனை, விழும்போது வயிற்றில் குத்திப் பெருங்காயம் உண்டாக்கும்.