மரபணு ஏடும் அதனைப் படிக்கும் பயிற்சியும்

மாந்தரின் உயிரணுக்களுள் அடங்கிக் கிடக்கும் மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களாலாகிய ஓர் ஏடு. அதன்கண் வழங்கும் எழுத்துவகையோ நான்கே. 2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், கலிபோர்னியாவிலுள்ள சாண்டா குரூஸ் சர்வகலாசாலையினர் அவ்வேட்டின் முதல் வரைவை யாவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வெளியிட்டனர். சிதறிக் கிடந்த துணுக்குகளை ஒன்றுசேர்க்கும் கணினி நிரலை இயற்றியவர் ஜிம் கென்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர். இது மாணாக்கராகிய நாம் சற்றே நின்று எண்ணத்தக்கது. அதனைப் படமாக விரித்துக் காட்டும் 'உலாவி' என்னும் இணையக் கருவியையும் அவரே அமைத்தார்.

நிற்க. ஏட்டைக் கையிற் கொடுத்தமையாற் படிப்பும் உடன் வந்துவிடுமோ? நுண்ணோக்காடியொடு பல்லாண்டு பழகிய அறிஞரும் இக்கருவியின்முன் தடுமாறுதல் கூடும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். மார்பகப் புற்றுநோயொடு தொடர்புடைய பிஆர்சிஏ1 என்னும் மரபணு 17-ஆம் குரோமோசோமில் உள்ளது. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் அஃது ஏறக்குறைய 4 கோடியே 12 லட்சமாவது எழுத்தருகே காணப்படும். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ 4 கோடியே 30 லட்சத்தை ஒட்டிக் காணப்படும். மரபணு இடம் பெயர்ந்திலது, எண்ணே பெயர்ந்தது. ஒரு பதிப்பின் பக்க எண்ணைக்கொண்டு மற்றொரு பதிப்பிற் பாட்டைத் தேடுவோன் அடையும் மயக்கமே இஃது. ஆயினும் அவனுக்கு அரைமணி நேரமே நட்டம். ஈண்டோ நோயாளி ஒருத்தியின் சோதனை முடிவே பிறழக்கூடும்.

இன்னொன்று நகைப்புக்கிடமானது. செப்ட்2 என்னும் மரபணுப் பெயரை எக்ஸெல் என்னும் கணக்கேட்டு நிரல் செப்டம்பர் 2 எனத் தேதியாக மாற்றிவிடும். எக்ஸெல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு பழுதுற்றிருந்தமை 2016-இல் வெளிப்பட்டது. பின்னர், 2020-இல், அத்தகைய பெயர்களையே மாற்றியமைக்க நேர்ந்தது.

இத்தகைய இடர்களை அறிந்து கருவியைக் கையாளக் கற்பிப்பதே பயிற்சி வகுப்புக்களின் தொழில். அவற்றுள் ஆப்பிரிக்காவில் எச்3ஏபயோநெட் என்னும் கூட்டமைப்பு 2016-இல் நடத்திய வகுப்பு என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆப்பிரிக்க மக்களின் குருதி மாதிரிகள் பலவும் கடல்கடந்து சென்று பிறராலேயே ஆயப்பட்டு வந்த நிலையை மாற்ற எழுந்த முயற்சியின் ஒரு கூறு அது. 10 நாடுகளில் 20 வகுப்பறைகள் அமைத்து, 364 பேருக்கு மூன்று திங்கள் கற்பித்தனர். இணைய இணைப்புத் தளர்ந்த ஊர்களும் உளவாதலின், விரிவுரைகளை முன்னரே படம்பிடித்து அனுப்பினர். மாணாக்கர் தத்தம் வகுப்பறையிற் கூடி அவற்றைக் கண்டு, உடனிருந்த துணையாசிரியர் உதவியாற் கருவிகளைத் தம் கையாலேயே இயக்கிப் பழகினர். விளங்காதவற்றை, குறித்த வேளையில், தொலைவிலிருந்த விரிவுரையாளரிடம் இணையத்தின் வாயிலாக நேரே வினவினர்.