பாட்டோடு அழுதால் பாரம் குறையும்

காய்ச்சல் வந்தால் மருந்து கேட்கிறோம். வீட்டில் ஓர் உயிர் போய்விட்டால், "மனசைத் தேத்திக்க" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எப்படித் தேற்றிக்கொள்வது? நம் பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் ஒப்பாரி.

பேராக் தோட்டங்களில் இழவு விழுந்தால், லயத்துப் பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்து, உறவுமுறை சொல்லி, ராகம் இழுத்து அழுவார்கள். வாசலில் தப்பு முழங்கும். 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்குப் போன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். பிரேதம்கூட வீடு வந்து சேரவில்லை. கட்டி அழ உடம்பில்லாத அந்தத் துக்கத்தையும் தோட்டத்து மக்கள் பாட்டாகப் பாடித்தான் ஆற்றிக்கொண்டார்கள்.

இதில் உடம்புக்கு என்ன நன்மை? விம்மும்போது மூச்சு திணறும், நெஞ்சு இறுகும். ராகம் இழுக்கும்போது மூச்சு நிதானமாக, நீளமாக வெளியேறும். நெஞ்சுப் படபடப்பு தணியும். நாலு பேர் சேர்ந்து பாடினால், "நாம தனியா இல்லே" என்ற தெம்பும் வரும்.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் தாமான்களில் குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்துக்குக் கூசி வாயைப் பொத்திக்கொள்கிறோம். ஆம்பிளைகளோ அழ வெட்கப்பட்டு சம்சுவைத் தேடுகிறார்கள். சம்சு துக்கத்தைத் தீர்க்காது. தூக்கத்தையும் ஈரலையும்தான் கெடுக்கும்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள்:

கருமாதி முடிந்ததோடு துக்க வீட்டை மறந்துவிடாதீர்கள். மாலையில் அரைமணி நேரம் போய் உட்காருங்கள். தேவாரமோ, பழைய சினிமாப் பாட்டோ, போனவருக்குப் பிடித்ததைச் சேர்ந்து பாடுங்கள். குரல் நன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் துக்கம் உண்டு.

நடுராத்திரியில் தனியே, சோகப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கேட்கக் கேட்க மனசு கனத்தால் நிறுத்திவிடுங்கள்.

பாட்டு துணைதான், எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஆறு மாதம் கடந்தும் துக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். 2022 முதல் நடப்பிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கமும் சேர்ந்திருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். "நானும் போயிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒருநாளும் தாமதிக்கவேண்டாம். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.