ரோபோ வந்தாச்சு, வேலை எப்போ ஆரம்பிக்கும்?

பெருநகர் பக்கத்துல இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு ஷிஃப்ட்டுக்குப் போறவங்களுக்கு ரோபோ புதுசு இல்ல. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-லும், ஒரகடத்துல ரெனோ-நிசான் 2010-லும் கார் உற்பத்தியைத் தொடங்கின. அந்த அளவு ஆலைகளிடம் இதற்கென்றே தனிக் குழு இருக்கும். சிக்கல், கடன் வாங்கி முதல் ரோபோவை இறக்குகிற சின்னக் கம்பெனிக்குத்தான். பெட்டி வந்த நாளிலிருந்து வட்டி ஓடும். முதல் நல்ல பாகம் வெளியே வந்த பிறகுதான் வருமானம். நடுவில் இருக்கிற அந்த நாட்களைக் குறைப்பது எப்படி?

நேரம் எங்கே போகுதுன்னு முதல்ல பார்ப்போம். வெல்டிங் ரோபோ போகவேண்டிய ஒவ்வொரு புள்ளியையும் டீச் பென்டன்ட்டை வெச்சு ஒருத்தர் காட்டிக் கொடுக்கணும். 80 புள்ளி, புள்ளிக்கு 2 நிமிஷம்னு வெச்சுக்குவோம். 160 நிமிஷம் போச்சு. ஃபிக்ஸ்சர் கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி 160 நிமிஷம்.

கம்ப்யூட்டர் சிமுலேஷன்லயே புரோகிராம் எழுதி ஏத்திட்டா என்ன? எழுதலாம், ஆனா அப்படியே பொருந்தாது. காட்டிக் கொடுத்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் ரோபோ கெட்டி. வித்தியாசம் பெரும்பாலும் 0.1 மி.மீ.க்குள்தான். ஆனால் வெறும் எண்ணைக் கொடுத்து "இங்கே போ"ன்னு சொன்னால், ஒரு மி.மீ. வரைக்கும்கூட தள்ளி நிற்கலாம். இது ரெண்டும் வேற வேற குணம்.

இங்கே மென்பொருள்காரர்களுக்குப் பழகின ஒரு வழி உதவும். ஃபைல் பாதையை முழுசா எழுதாமல், ஒரு ஃபோல்டரிலிருந்து கணக்கு வைப்போம் இல்லையா? அதேபோல எல்லாப் புள்ளிகளையும் ஃபிக்ஸ்சரின் ஒரு மூலையிலிருந்து கணக்கிட்டு வைக்கலாம். இதற்கு 'யூசர் ஃப்ரேம்' என்று பெயர். ஃபிக்ஸ்சர் நகர்ந்தால் அதன்மேல் மூணு புள்ளியை மட்டும் தொட்டுக் காட்டினால் போதும், 80 வெல்டிங் புள்ளிகளும் கூடவே நகரும். சிமுலேஷன்ல எழுதினதையும் இப்படியே கொண்டுவந்து, கடைசித் திருத்தத்தை மட்டும் லைன்ல செய்யலாம்.

ஆனால் பாகமே ஒன்றுக்கொன்று மாறினால் ஃப்ரேம் காப்பாற்றாது. வெல்டர் கண்ணால பார்த்து டார்ச்சை நகர்த்திக்குவார். சென்சார் இல்லாத ரோபோ போன இடத்துக்கே போகும். அதனால ஆர்டர் போடும் முன்னாடியே வேற வேற நாள்ல செஞ்ச 50 பாகங்களை அளந்து பாருங்க. வித்தியாசம் அதிகம்னா, முதலில் பிரஸ்ஸையும் ஃபிக்ஸ்சரையும் சரிசெய்யணும். அது ரோபோ இல்லாமலே லாபம் தரும் வேலை.

பணம் இருந்தாலும் இதுல தப்ப முடியாது. டெஸ்லாவில் அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தவறு என்று 2018 ஏப்ரலில் எலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

ரோபோவை அமைத்துத் தருபவரிடம் ரெண்டு விஷயத்தை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்க. ஒன்று, புள்ளிகள் எல்லாம் யூசர் ஃப்ரேமில் இருக்கணும். இரண்டு, உங்க பாகங்களை, அதிலும் அளவில் ஓரத்துல இருக்கிறதை, அவர் ஷெட்லயே ஓட்டிக் காட்டணும். அங்கே தெரியும் தப்புக்கு உங்க லைன் நிற்க வேண்டியதில்லை.