குண்டூரில் நான், விருதுநகரில் கணக்கு

மிளகாய் வத்தலும் மல்லியும் மொத்தமாக வாங்கி விற்பவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவானேன் என்று நினைப்பீர்கள். பட்டவன் என்ற ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

கடையில் கம்ப்யூட்டர் வைத்தால் வத்தல் தூசி அதை வாழ விடுவதில்லை. பிரித்துப் பார்த்தால் விசிறி முழுக்கச் சிவப்பாகப் பொடி அப்பிக் கிடக்கும். இரண்டு கம்ப்யூட்டர் இப்படிப் போன பிறகு கணக்கு முழுவதையும் வீட்டு மாடி அறைக்கு மாற்றினேன். டேலியில் வரவு, செலவு, நிலுவை எல்லாம் அங்கேதான். வெளியூர் போனால் லேப்டாப்பிலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கும்படி, கணக்கு எழுத வரும் தம்பி அமைத்துக் கொடுத்தான். கீழே கூடத்தில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். மாடியில் இருக்கும் கணக்கு அப்படியே திரையில் வந்தது. திருப்தியாக ரயில் ஏறினேன்.

அது 2024 மார்ச் மாதம். குண்டூர் மிளகாய் யார்டில் வரத்து நன்றாக இருந்த சமயம். தேஜா ரகத்தில் 100 மூட்டை எடுப்பதாக எண்ணம். வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கமிஷன் கடையில் உட்கார்ந்ததும், "பழைய பாக்கி 2,18,400 ரூபாய் நிற்கிறதே" என்று ஏட்டைத் திருப்பிக் காட்டினார்கள். கட்டியாகிவிட்டது என்று எனக்கு நிச்சயம். ஆனால் எந்தத் தேதி, எந்த வங்கி, என்ன எண் என்று சொல்ல வேண்டாமா? "ஒரு நிமிடம்" என்று லேப்டாப்பை விரித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடியும் அதே வரி.

வீட்டுக்குப் போன் போட்டேன். முட்டி வலியோடு மாடி ஏறிப் பார்த்த என் வீட்டம்மா, "ஏங்க, திரை கறுப்பா இருக்கு" என்றாள். ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டச் சொன்னேன். வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டர் தூங்கிப் போயிருந்திருக்கிறது. சரி, விழித்துவிட்டதே என்று மறுபடியும் முயன்றேன். அப்போதும் அதே வரிதான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உதவி எண் என்று செல்போனில் தேடி, முதலில் கிடைத்த எண்ணுக்குப் பேசினேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். போனில் ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். அதில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணை வாசிக்கச் சொன்னார்கள். பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாயை வங்கிச் செயலியைத் திறந்து அனுப்பச் சொன்னார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணை வாசிக்கப் போகும்போது, பக்கத்தில் இருந்த கமிஷன் கடைக்காரரின் மகன் போனை வாங்கி அணைத்துவிட்டான். பாக்கி கேட்ட கடையின் பிள்ளைதான் அன்று என் பணத்தைக் காப்பாற்றினான். அந்த எண்ணை வாசித்து, அடுத்து வரும் அனுமதியையும் கொடுத்துவிட்டால் நம் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பாக்கி தீராமல் கடனுக்குச் சரக்கு கேட்க மனம் வரவில்லை. கையிலிருந்த பணத்துக்கு 60 மூட்டை எடுத்துத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து டேலியைப் பார்த்தால், இரண்டு தவணையாகப் பணம் போயிருக்கிறது. அவர்கள் ஏட்டில் அதை நம் ஊரிலேயே கிட்டத்தட்ட என் கடைப் பெயருள்ள இன்னொருவர் பேரில் வரவு வைத்துவிட்டார்கள். போனிலேயே சரிசெய்தோம். விட்டுப் போன 40 மூட்டை விட்டுப் போனதுதான்.

பிறகு தம்பியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் தவறு, வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பார்த்தது. லேப்டாப்பில் பதிந்திருந்தது 192.168 என்று தொடங்கும் முகவரி. அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. "மாடி அறை" என்று எழுதித் தபாலில் போட்ட மாதிரி. சோதிக்க வேண்டுமானால் லேப்டாப்பில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, செல்போன் இணைப்பில் முயல வேண்டும். அதில் திறந்தால்தான் வெளியூரிலும் திறக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

சரி, வெளி முகவரியைப் போட்டால் போதுமா? அங்கேதான் பலருக்கும் சிக்கல். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. அவை போதாததால், பல இணைப்பு நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு வைக்கின்றன. ஒரே கதவு எண்ணில் நூறு கடை உள்ள காம்ப்ளெக்ஸ் போல என்று வையுங்கள். உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. வெளியிலிருந்து ஒருவர் கதவு எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தால், எந்தக் கடைக்கு என்று வாசல்காரனுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவான். ரூட்டரின் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்கள் இணைப்பும் இந்த வகைதான். எனக்கும் அப்படியே. ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை. தனி நிலை முகவரி வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும்.

அப்படிப் பணம் கட்டி வாங்கினாலும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியான 3389 என்ற வாசலைத் தெருவுக்குத் திறந்து வைக்காதீர்கள். எந்த வீட்டில் அந்த வாசல் திறந்திருக்கிறது என்று இராப்பகலாகத் தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நுழைந்தால் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2019 மே மாதத்தில் இதில் தெரியவந்த ஓட்டை எவ்வளவு பெரியதென்றால், ஆதரவு நின்றுபோன பழைய எக்ஸ்பி விண்டோஸுக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது.

தம்பி கடைசியில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் என்ற இலவச ஏற்பாட்டைப் போட்டுக் கொடுத்தான். இதில் வீட்டுக் கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் இரண்டுமே வெளியே போய் நடுவில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அதனால் வாசல்காரன் தொல்லை இல்லை. ஆறு இலக்கத்துக்குக் குறையாத ரகசிய எண் வைக்க வேண்டும். பிறந்த வருடத்தை வைக்க வேண்டாம். கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் சொந்த ஏற்பாட்டையே விரும்புகிறவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று முதலில் பாருங்கள். ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய முடியாது. லேப்டாப்பில் ஹோம் இருந்தால் பரவாயில்லை. பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டரும் உள்ளே விடாது. தினமும் போடும் நான்கு இலக்கப் பின் எண்ணும் அங்கே செல்லாது. முழுப் பாஸ்வேர்டு வேண்டும். இதுவும் வீட்டுக்குள் இருந்து இணைக்கவே. வெளியூரிலிருந்து வர வி.பி.என். என்ற தனிப்பாதையை விஷயம் தெரிந்தவரைக் கொண்டு போட வேண்டும்.

தூக்கத்துக்கு வருகிறேன். பவர் அமைப்பில் தூங்கும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று வையுங்கள். திரை அணைந்தால் குற்றமில்லை, கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. மின்வெட்டு நீண்டு யு.பி.எஸ். தீர்ந்துவிட்டால்? கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் ஒரு வசதி பல கம்ப்யூட்டர்களில் உண்டு; மெக்கானிக்கிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். ரூட்டருக்கும் பேட்டரி வேண்டும். கம்ப்யூட்டர் விழித்திருந்து ரூட்டர் செத்துக் கிடந்தால் என்ன லாபம்?

இவ்வளவுக்குப் பிறகும் புறப்படும் முன் நிலுவைப் பட்டியலையும் கட்டிய பண விவரத்தையும் பி.டி.எஃப். ஆக எடுத்து லேப்டாப்பில் வைத்துக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரியில் மறுபடி குண்டூர் போனேன். அதே கமிஷன் கடை, அதே நாற்காலி. லேப்டாப்பைத் திறந்தேன், வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. டேலியைத் திறந்து பேரேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் செல்போன் அடித்தது. வீட்டம்மாதான். மாடி அறையைப் பெருக்கப் போயிருக்கிறாள்.

"ஏங்க, அம்புக்குறி தானா ஓடுது. வயரைப் பிடுங்கிடவா?"

"பிடுங்கிடாதே தாயே, நான்தான்" என்றேன்.